அஸ்லி, திஜாரி, தக்லீத்

தூத்துக்குடியில் அதை டேப்பட் என்போம். ஷார்ஜா போனதும் லிஃப்டர் ஆகிவிட்டது. கட்டைவிரலைவிடச் சற்றே பருத்த ஓர் இரும்பு உருளை, அவ்வளவுதான். கேம் ஷாஃப்ட்டின் மேட்டில் ஏறி இறங்கும். ஏறும்போது புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராடு ராக்கரைச் சாய்க்கும், ராக்கர் வால்வைத் திறக்கும். ஒரு வி8 எஞ்சினில் பதினாறு லிஃப்டர். எஞ்சினைக் கழற்றாதவன் அதை ஆயுளுக்கும் பார்க்கப் போவதில்லை. போலிச் சரக்கு செய்கிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தொழில் கற்றது மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில். அங்கே மேஸ்திரியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்களிடம் வந்ததெல்லாம் விசைப்படகு டீசல் எஞ்சின்கள். டேப்பட் வைப்பது என்றால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே பில்லர் கேஜை நுழைத்து, இடைவெளி பார்த்து, நட்டை முறுக்குவது. “நுங்குத் தோலை உரிக்கிறாப்ல வரணும்ல. வழுக்கிட்டும் வரக்கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது” என்பார் அண்ணாச்சி. அளவு எண் தெரியாமலேயே என் விரலுக்கு அது வந்துவிட்டது. டேப்பட்டின் அடிப்பக்கத்தை மட்டும் அவரும் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

1996-இல் ஷார்ஜா. படகுக்குள் பெட்ரோல் எஞ்சினை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். மீன் பிடிக்கிற படகு இல்லை, பறக்கிற படகு. 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர். அதற்கு மேல் 502, அது 8.2 லிட்டர். அமெரிக்காவில் செவ்ரோலெட் லாரிக்கும் காருக்கும் வார்த்த அதே பிக் பிளாக் எஞ்சினை உப்புத் தண்ணீருக்குத் தோதாக மாற்றிப் படகின் பின்பக்கம் உட்கார வைத்திருப்பார்கள். சில படகில் ஒன்றுக்கு இரண்டு. டீசலின் தடதடப்பில் வளர்ந்த காதுக்கு அந்தச் சத்தம் முதல் வாரம் முழுக்கத் திருவிழா மாதிரி இருந்தது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் ஒரு பட்டாணியர். உஸ்தாத் என்று கூப்பிடுவோம். அவருக்கு நான் கடைசி நாள்வரை ‘மதராஸி’தான். தூத்துக்குடி எங்கே, மதராஸ் எங்கே என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

பில்லர் கேஜுக்கு அங்கே வேலை இல்லை. ஹைட்ராலிக் லிஃப்டர் அது. உருளைக்குள்ளே இன்னொரு சின்ன பிளஞ்சர், அதற்குக் கீழே ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு. எஞ்சின் ஆயிலே உள்ளே புகுந்து, குண்டு வால்வில் அடைபட்டு, இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். பிளஞ்சருக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சந்து சில மைக்ரான்தான். தொழிற்சாலையில் ஜோடி பார்த்துச் சேர்ப்பார்கள். ஒன்றின் பிளஞ்சரை எடுத்து இன்னொன்றில் போட்டால் சேராது. முதல் மாதம் பதினாறையும் ஒரே தட்டில் பிரித்துப் போட்டுச் சுத்தமாகக் கழுவிக் கொண்டுபோய் நீட்டினேன். உஸ்தாத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பதினாறும் குப்பைக்குப் போயின.

காரில் ஓடும் எஞ்சின்தானே, படகில் மட்டும் என்ன கேடு என்று கேட்பார்கள். சமதரையில் ஓடும் கார் தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. படகுக்கு சமதரை கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே ஓடுவது, இறக்கமே இல்லாத மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருப்பதற்குச் சமம். 4,500, 5,000 சுற்றில் மணிக்கணக்காக நிற்கும். கிராங்க் 5,000 சுற்றினால் கேம் 2,500. ஒவ்வொரு லிஃப்டரும் விநாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் ஏறி இறங்கும். வேகப் படகுக்கென்று கடினமான வால்வு ஸ்பிரிங் போட்டிருந்தால், வால்வு முழுக்கத் திறந்த நிலையில் அந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் 300 பவுண்டு அளவுக்கு வரும். பிக் பிளாக்கில் ராக்கரின் விகிதம் 1.7. ஆகவே லிஃப்டரின் தலையில் இறங்குவது அதைப்போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இத்தனை பாரத்தையும் வாங்குவது லிஃப்டர் அடியில் கேமைத் தொடுகிற ஒரு கீற்று அளவு இடம்.

நான் போய் மூன்றாவது வருஷம் ஒரு படகு வந்தது. அடிபட்டு வரவில்லை, வெட்கப்பட்டு வந்ததுபோல மெதுவாக ஊர்ந்து வந்தது. இரட்டை எஞ்சினில் வலப்பக்கத்தது கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்புகிறது. ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றினார்கள், வேறு பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றியிருந்தார்கள். வேகத்தைக் கூட்டினால் ‘பொட், பொட்’. உஸ்தாத் வால்வு மூடியைக் கழற்றச் சொன்னார். எஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டே ராக்கர்களைப் பார்த்தேன். பதினைந்து எழுந்து உட்கார்ந்தன. ஐந்தாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும் சோம்பேறி மாணவன் கை தூக்குவதுபோல் அரைகுறையாக எழுந்தது.

எரிந்த புகை வெளியேற வழியில்லாவிட்டால் அடுத்த தடவை இன்லெட் வால்வு திறந்ததும் அதன் வழியாகத்தான் திரும்பி வரும். அதுதான் துப்பல். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பைப் பிரித்தால் உள்ளே மினுமினுவென்று இரும்புத் தூள், ஜிகினா கொட்டினதுபோல. கேம் ஷாஃப்ட்டை உருவினோம். அந்த ஒரு மேடு தேய்ந்து மொண்ணையாகக் கிடந்தது. அதன்மேல் ஓடிய லிஃப்டரின் அடி உள்வாங்கிக் குழிந்திருந்தது. எஞ்சின் பிரித்துக் கட்டி நாற்பது மணி நேரம்கூட ஓடவில்லை.

“லிஃப்டர் அஸ்லிதான், பெட்டியோடு வைத்திருக்கிறேன்” என்றார் அர்பாப். அங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வோம். பெட்டியையும் கொடுத்தனுப்பினார். மிச்சமிருந்த ஒரு ஜோடி எஞ்சினுக்குள் போகாமல் புத்தம் புதிதாக அதில் இருந்தது. அச்சு சுத்தம், எண் சரி, ஆயில் தாள்கூட அதே நிறம். நான் அஸ்லி என்றேன்.

உஸ்தாத் அந்த இரண்டையும் துடைத்து, அடியோடு அடி பொருத்தி, ஷட்டர் கதவு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு எங்கள் அலமாரியிலிருந்த ஒரு ஜோடியை எடுத்து அதேபோல் பிடித்தார். “பார் மதராஸி.”

எங்கள் ஜோடியின் ஓரங்களில் சுற்றிலும் மயிரிழை வெளிச்சம் கசிந்தது. மெல்ல அழுத்தினால் இப்படியும் அப்படியும் ஆடியது. அர்பாபின் ஜோடி கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. வெளிச்சம் இல்லை, ஆட்டம் இல்லை.

இதில் எது நல்லது என்று கேட்டிருந்தால் கச்சிதமாகப் பொருந்தியதைத்தான் காட்டியிருப்பேன். யாரும் அப்படித்தான் காட்டுவார்கள்.

தட்டை அடி லிஃப்டர் என்று பெயர் இருந்தாலும் அதன் அடி தட்டை இல்லை. நடுவில் துளி மேடு. ஓரத்தைவிட நடு உயர்ந்திருப்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு. லேத் பட்டறையில் தவ் என்பார்களே, அப்படி இரண்டு தவ். ஐம்பது மைக்ரான், தலைமுடியின் தடிப்புக்குக் கீழே. கேமின் மேடும் நேராக இருக்காது, ஒரு தவ் அளவுக்கு ஒருபக்கம் சரிந்திருக்கும். லிஃப்டரும் மேட்டின் நட்டநடுவில் உட்காராமல் சற்றுத் தள்ளி உட்காரும். இந்த மூன்றும் சேரும்போது கேம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் லிஃப்டர் தன் குழிக்குள் கொஞ்சம் சுழலும். தோசைமாவு ஆட்டுகிற குழவி ஒரே இடத்தில் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்கிறதல்லவா, அதேபோல. சுழல்வதால் அடி முழுக்கப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது, ஆயிலும் இடையில் நிற்கிறது. சுழலாத லிஃப்டர் ஒரே கோட்டில் இழுபட்டு, தானும் குழிந்து, கேமையும் தின்றுவிடும். தின்ற தூள் ஆயிலோடு போய் கிராங்க் பேரிங்கைத் தின்னும்.

போலி செய்தவன் மட்டமானவன் இல்லை. அசலை எதிரே வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான். இடுப்பில் ஆயில் ஓடும் பள்ளம், பக்கத்தில் ஆயில் துளை, மேலே பூட்டு வளையம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. குறுக்களவு 0.842 அங்குலம், மைக்ரோமீட்டரில் அட்சரம் பிசகவில்லை. அடி தட்டையாகத் தெரிந்தது, ஆகவே தட்டையாகச் சாணை பிடித்துவிட்டான். கண்ணால் படித்தவனுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தானே வரும்? எனக்கும் அதுவரை அவ்வளவுதான் தெரிந்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து வெளிச்சச் சோதனை பழக்கமாகிவிட்டது. பிறகு நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஒரு தடித்த கண்ணாடித் துண்டில் மெல்லிய ஆயில் தடவி, லிஃப்டரை நிறுத்தி விரலால் சுண்டிவிடுவேன். நடு மேடு உள்ளது தன் அச்சிலேயே பம்பரம்போல் திரும்பும். தட்டையானது ஆயிலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். எஞ்சினில் போட்ட பிறகும் இன்டேக் மேனிஃபோல்டை மூடும் முன்பு ஒவ்வொரு லிஃப்டரின் தலையிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்து, கிராங்க்கைக் கையால் பல சுற்று சுற்றுவேன். பொட்டு இடம் மாற வேண்டும். மாறாவிட்டால் உடனே போலி என்று குதிக்கக் கூடாது. குழி இறுக்கமாக இருக்கலாம், கேமில் சரிவு இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அதற்கு மேல் எதையும் மூடக் கூடாது.

வளைகுடாவில் உதிரிபாகக் கடைக்காரர்கள் மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். அஸ்லி என்றால் அசல் கம்பெனிச் சரக்கு. திஜாரி என்றால் வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் செய்து விற்பது, விலை குறைவு, ஒளிவுமறைவு இல்லை. தக்லீத் என்றால் இன்னொருவன் பெயரைத் திருடி ஒட்டியது. நம் ஊரில் பின்னதிரண்டையும் ‘டூப்ளிகேட்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல திஜாரி லிஃப்டர்களை நிறையப் போட்டிருக்கிறேன், ஓடின. தன் பெயரைப் போட்டு விற்கிறவனைத் தேடிப்போய்ச் சண்டை பிடிக்கலாம். தக்லீத் செய்தவனுக்கு முகவரியே கிடையாது.

பெட்டியைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிப்பது பற்றி நிறையப் பேசுவார்கள். எழுத்துப் பிழை, மங்கின ஹாலோகிராம், கோணலாக ஒட்டிய லேபிள். கற்றுக்குட்டிக் காலத்துப் போலிக்கு அது பொருந்தும். பெட்டி அச்சடிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே சுலபமான வேலை, அதை அவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அதைவிட வஞ்சகமான ஒரு வகை உண்டு. ஓடித் தேய்ந்த அசல் லிஃப்டரை வாங்கி, அடியைச் சாணை பிடித்து, பளபளவென்று தேய்த்துப் புதுப் பெட்டியில் போட்டு விற்பது. அதில் இரும்பு அசல், எண் அசல், எழுத்தும் அசல். அதைப் பிடிக்க நான் அடியைப் பார்ப்பதே இல்லை, தலையைப் பார்ப்பேன். புஷ் ராடு உட்காரும் கிண்ணத்தில் ராடு உரசிய வட்டம் கண்ணாடிபோல் மின்னும். அதை யாரும் சாணை பிடிப்பதில்லை, கருவி அங்கே போகாது. ஆயில் துளைக்குள் ஒரு குச்சியை விட்டுத் துடைத்தால் பழைய ஆயில் காய்ந்த பழுப்புக் கறை வரும். பதினாறையும் வரிசையாக நிறுத்தி மேலே ஸ்கேலை வைத்தால் சாணை தின்ற அளவுக்குச் சிலது குள்ளமாகவும் இருக்கும்.

ரோலர் லிஃப்டர் பழக்கத்துக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். அதன் அடியில் ஒரு சின்னச் சக்கரம், சக்கரத்துக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். தட்டை லிஃப்டர் சுழலாவிட்டால் சாகும், இதுவோ சுழன்றால் சாகும். சக்கரம் குறுக்காகத் திரும்பிவிட்டால் கேம் அந்த நிமிஷமே போச்சு. அதனால் இரண்டிரண்டாகப் பட்டை போட்டுக் கட்டியோ, வழிகாட்டித் தகடு வைத்தோ நேராக நிறுத்தியிருப்பார்கள். இதில் போலியின் திருட்டு ஊசிகளுக்குள் இருக்கும். பெட்ரோலில் கழுவிக் காயவைத்துச் சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்பேன். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், அதற்கு வைத்த இடைவெளி அது. மேல்கீழாக விரலுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் கேம் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். பிறகு காதருகே வைத்து மெல்லச் சுற்றுவேன். அதில் என்ன சத்தம் கேட்க வேண்டும் என்று எழுத்தில் சொல்ல வரவில்லை. மணல் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

என்னை அதிகம் ஆட்டிவைத்தது ஒரு கலப்புப் பெட்டி. சந்தேகமே வராத கடை, முத்திரை உடையாத மாதிரி இருந்த பெட்டி. முதல் நான்கை வெளிச்சத்தில் பிடித்தேன், பிரமாதம். வெள்ளிக்கிழமைக்குப் படகு வேண்டும் என்று அர்பாப் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார். மிச்சத்தைப் பார்க்காமலே போட்டிருப்பேன். ஆனால் ஹைட்ராலிக் லிஃப்டரை ஆயிலில் ஊறவைத்து இறக்கச் சோதனை செய்யாமல் போடுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அதற்கான கருவி எங்களிடம் கிடையாது. ஒரு கம்பி நெம்புகோல், அதன் நுனியில் எப்போதும் அதே எடை, கீழே டீசல் நிரம்பிய டப்பாவில் லிஃப்டர். எடை இறங்க எத்தனை விநாடி என்று எண்ணுவோம். சரியான அளவு இத்தனை என்று சுவரில் எழுதிவைக்க முடியாது, டீசலின் சூடு மாறினால் நேரமும் மாறும். பதினாறையும் ஒரே மணி நேரத்துக்குள் பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், அவ்வளவே. பன்னிரண்டு ஏறக்குறைய ஒரே நிதானத்தில் இறங்கின. நான்கு பொசுக்கென்று உட்கார்ந்தன. எடுத்து வெளிச்சத்தில் ஜோடி சேர்த்தால், நான்கும் தட்டை.

யாரோ அசல் செட்டை வாங்கி, தன்னிடமிருந்த நான்கு போலியை உள்ளே வைத்து, “இது என் எஞ்சினுக்குச் சேரவில்லை” என்று கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் வேறு செட் தந்தார், கைக்காசு நட்டம் அவருக்கு. முழுப் போலிப் பெட்டியைவிட இந்தப் பெட்டிக்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒன்றைப் பார்த்துப் பதினாறுக்கும் நல்ல பெயர் கொடுத்துவிடுவோம்.

நான் தப்பாகச் சொன்னதும் உண்டு. 2006-ஆம் வருஷம் என்று ஞாபகம், இன்னொரு எஞ்சினில் மூன்று மேடு தேய்ந்து வந்தது. குழிந்த அடியைப் பார்த்ததுமே தக்லீத் என்று கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். கடையில் நான்கு பேர் நின்றார்கள். கடைக்காரர் அதே பெட்டி வகையில் புதிதாக மூன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்கள்” என்றார். பார்த்தேன். வெளிச்சம் கசிந்தது, கண்ணாடியில் சுழன்றது. சரக்கில் குற்றம் இல்லை. குழிந்துபோன லிஃப்டர் முதலில் எப்படி இருந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குற்றம் ஆயிலில் இருந்தது. படகைப் பார்த்துக்கொண்ட டிரைவர் காருக்கு வாங்கின 5டபிள்யூ-30 ஆயிலையே இதிலும் ஊற்றியிருக்கிறார். பழைய நாளில் அது ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும். 2004-இல் ஏபிஐ எஸ்எம் என்ற தரம் வந்தபோது, புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெடாமல் இருக்க, அப்படிப்பட்ட மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்த மருந்துதான் தட்டை லிஃப்டருக்கும் கேமுக்கும் நடுவே கடைசித் தடுப்பு. போதாக்குறைக்குப் புது கேமை முதல்முறை ஓட்டும்போது ஐடிலிங்கில் விட்டிருக்கிறார்கள். கேமுக்கு ஆயில் வருவது பெரும்பாலும் கிராங்க் சுற்றித் தெறிப்பதால்தான். மெதுவாக ஓடினால் தெறிப்பு இல்லை. ஸ்டார்ட் ஆன கணமே 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி இருபது, முப்பது நிமிஷம் இறக்காமல் ஓட்ட வேண்டும், படகென்றால் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயைப் பொருத்திக்கொண்டு.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் தேநீர் வரவழைத்தார். அன்று கடையில் நின்ற நான்கு பேரை நான் எங்கே போய்த் தேட?

ஊருக்குத் திரும்பிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்தில் மறுபடியும் டீசல்தான். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் நிற்க நேரமிருக்காது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள் ஆக்கினார்கள். கரையில் கிடக்கும் அத்தனை விசைப்படகுக்கும் அந்த நாட்களில்தான் எஞ்சின் பிரிப்பு. சாமான் பெட்டியோடு வருகிற பையன்கள் “அண்ணாச்சி, இது ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க” என்று மேஜைமேல் வைக்கிறார்கள். பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணாடித் துண்டைத் தேடுகிறேன். அவர்களுக்கு அது விளங்குவதில்லை, பெட்டியில் ஒட்டிய கோடை போனில் ஸ்கேன் பண்ணினால் போதுமே என்று பார்க்கிறார்கள்.

அந்தக் கலப்புப் பெட்டியின் நான்கில் ஒன்றை ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தேன். பட்டறையில் ஃபேன் காற்றுக்குப் பில் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடி நல்ல தட்டையாக இருப்பதால் ஆடாமல் நிற்கிறது.